திரும்பாத இடுப்பு

அவரைப் பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க நேரமாகும். முதலில் அப்படியே நின்றுவிடுவார். அப்புறம் வலது கால் ஒரு சாண் நகரும். இடது கால் அதன் பக்கத்தில் வந்து சேரும். மறுபடியும் வலது கால். ரத வீதி முக்கில் தேர் திரும்புகிற மாதிரி ஆள் மொத்தமாகத் திரும்பி முடிப்பதற்குள், கூப்பிட்டவருக்கு எதற்குக் கூப்பிட்டோம் என்பதே மறந்து போயிருக்கும். கழுத்துக்குக் கீழே, தொடைக்கு மேலே அவரிடம் எதுவும் தனியாக அசையாது. அந்த இடம் முழுவதும் ஒரு பெல்ட்டுக்குள் இருந்தது.

தென்காசியில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்து வேனுக்கு அவர் டிரைவர். அதே வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற வேலை எனக்கு. பள்ளிக்கூடத்தில் அதற்கு ஆயா என்று பேர். முப்பது வயதில் ஆயா ஆன ஒரே பொம்பளை நீதான் என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். செய்யட்டும். கொரோனா முடிந்து பள்ளிக்கூடம் திறந்த வருஷம் அது. என் மகளை அப்போதுதான் யூகேஜியில் சேர்த்திருந்தோம். வேனில் நானும் போனால் அவளை என் கண்ணிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றுதான் அந்த வேலைக்குப் போனேன். பயந்த சுபாவம் எனக்கு. பிள்ளை இருமினால் ஆஸ்பத்திரி, பிள்ளை பேசாமல் இருந்தால் அதற்கும் ஆஸ்பத்திரி என்று ஓடுகிறவள். என்னை விடப் பயந்த ஓர் ஆளை அந்த வேனில்தான் பார்த்தேன்.

அவர் பெயரை இங்கே எழுத வேண்டாம். நான் அண்ணாச்சி என்று கூப்பிட்டேன், பிள்ளைகள் வேன் மாமா என்று கூப்பிட்டார்கள். வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். காக்கிச் சட்டைக்கு உள்ளே, பனியனுக்கு மேலே பெல்ட். உடம்பு நிறத்தில், ஒரு முழ அகலத்தில், முதுகுப் பக்கம் தகடு வைத்துத் தைத்தது. காலையில் சீட்டில் ஏறி உட்கார்ந்ததும் சட்டையைத் தூக்கி, ஒட்டுப்பட்டையைச் சர்ரென்று பிரித்து, மூச்சை உள்ளே இழுத்து, இன்னும் ஓர் அங்குலம் இறுக்கி ஒட்டுவார். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் சாவி திரும்பும். எல்கேஜிப் பிள்ளைகள் வேன் விளையாட்டு விளையாடும்போது முதலில் வாயால் சர்ர் என்பார்கள், அப்புறம்தான் டுர்ர் என்பார்கள்.

இதே மாதிரி இன்னொரு பெல்ட் வீட்டில் உண்டு. ஒன்று இடுப்பில் இருந்தால் இன்னொன்று கொடியில் காயும். சாரல் நேரத்தில் துணி காயாது என்பதால் மூன்றாவதாக ஒன்றும் வாங்கி, வேனில் முதலுதவிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். மற்றவர்களைப் பார்த்தால் அவருக்கு இரக்கமாக இருக்கும். நான் தும்மினால் போதும், "இப்படி வெறும் இடுப்போட அலையுதியே யம்மா" என்று தலையில் அடித்துக்கொள்வார். தும்மலில் டிஸ்க் நழுவிப் படுத்துவிட்ட ஆலங்குளத்துக்காரர் ஒருவரின் கதையைச் சொல்வார். அந்த ஆலங்குளத்துக்காரர் ஒரு வாரம் தும்மலில் விழுவார், மறு வாரம் குடத்தைத் தூக்கும்போது விழுவார். அப்படி ஓர் ஆள் இருந்தாரா என்பதே எனக்குச் சந்தேகம்.

அவர் விழுந்தது உண்மை. லாரி ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில், திருநெல்வேலி ரோட்டில் டயர் மாற்றக் குனிந்தவர் நிமிரவில்லை. ரோட்டோரத்தில் மண்ணில் கிடந்திருக்கிறார். தூக்கவந்தவர்கள் கையை வைத்தாலே அலறியிருக்கிறார். "சாவுன்னா இதான்னு நெனச்சேன்" என்று அதைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கிவிடும், எனக்கும் கேலி பேச வாய் வராது. டாக்டர் கொஞ்ச நாளைக்குப் போட்டுக்கொள்ளச் சொல்லி ஒரு பெல்ட் கொடுத்தார். அதைக் கட்டிக்கொண்டுதான் மறுபடி எழுந்தார், நடந்தார், பொண்டாட்டி கையைப் பிடிக்காமல் கக்கூஸுக்குப் போனார். போடச் சொன்னது அவர் காதில் விழுந்தது. கொஞ்ச நாளைக்கு என்றது விழவில்லை.

கீழே எது விழுந்தாலும் அவருக்கு அது போனதுதான். சாவி மாதிரி விட முடியாதது விழுந்தால் மட்டும் முழங்காலை மடக்கி, ஒரு கையால் வேன் கதவைப் பிடித்து, தலை நேராக இருக்க அப்படியே கீழே இறங்குவார். கண் எதிரே பார்த்துக்கொண்டிருக்கும், கை மட்டும் தரையைத் தடவும். பிள்ளைகள் வேண்டுமென்றே பென்சிலைப் போட்டுவிட்டு வேன் மாமா எடுக்கிறாரா என்று பார்ப்பார்கள். நான் அதட்டுவேன். எனக்கும் சிரிப்பு வரும்.

அந்தப் பயத்தால் ஒரு நன்மையும் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். ஒரு குலுக்கல் விழுந்தால் இடுப்பில் வாங்க வேண்டுமே என்று, தென்காசியிலிருந்து இலஞ்சி வரை ஒவ்வொரு பள்ளத்தையும் மனப்பாடமாக வைத்திருந்தார். வேகத்தடை வருவதற்கு முன்பே வண்டி தயங்கும். ஏறுவதும் தெரியாது, இறங்குவதும் தெரியாது. சாயங்காலம் பாதி வழியிலேயே பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து தூங்கிப்போவார்கள். அவர் ஓட்டிய மாதிரி அந்த ரோட்டில் யாரும் ஓட்டி நான் பார்க்கவில்லை.

முன்னால் போகிறவரை எந்தக் கவலையும் இல்லை. பின்னால் வருவதில்தான் எனக்கு உயிர் கையில் இருக்காது.

கடைசி நிறுத்தம் எங்கள் வீடு. இலஞ்சியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில் எங்கள் சந்து பிரிகிறது. நானும் மகளும் சந்து முனையில் இறங்குவோம். வேன் பள்ளிக்கூடத்துக்குத் திரும்ப வேண்டும். நேரே போனால் அருவியில் குளிக்க வருகிற சீசன் வண்டிகளின் வரிசையில் மாட்டிக்கொள்ளும், திருப்ப இடம் கிடைக்காது. அதனால் எங்கள் சந்துக்குள் ரிவர்ஸ் எடுத்துத்தான் திருப்புவார். ஒரு பக்கம் வீடுகள், ஒரு பக்கம் தென்னை, நடுவில் ஒரு வேன் நுழைகிற அகலம். சந்துக்குள் எப்போதும் யாராவது ஒரு பிள்ளை, ஓர் ஆடு, ஒரு சைக்கிள்.

ரிவர்ஸ் எடுக்கிற டிரைவர் என்ன செய்வார்? இடது கையைப் பக்கத்து சீட்டின் மேல் போட்டு, இடுப்பைத் திருகி, பின்கண்ணாடி வழியாகப் பார்ப்பார். அண்ணாச்சி பார்க்க மாட்டார். அவரால் முடியாது என்றுதான் நானும் நினைத்தேன். வேனில் இருந்த கண்ணாடிகள் போதாதென்று கைக்காசு போட்டு வட்டக் கண்ணாடி இரண்டு, நீளக் கண்ணாடி ஒன்று வாங்கி மாட்டியிருந்தார். அதற்கு மேல் நான். மகளை வீட்டுப்படியில் ஏற்றி நிறுத்திவிட்டு, ஓடிவந்து வேனுக்குப் பின்னால் நிற்பேன். வேன் தகட்டில் இரண்டு தட்டு தட்டினால் வரலாம். ஓங்கி ஒரு தட்டு தட்டினால் நிறுத்த வேண்டும். "வரலாம், வரலாம்" என்று கத்திக்கொண்டே நான் பின்னால் நடக்க, பின்கண்ணாடிக்கு அப்பால் அவருடைய பிடரி அசையாமல் என்னை நோக்கி வரும். தினமும் அந்தப் பிடரியைப் பார்ப்பேன். இந்த ஆளுக்குப் பின்பக்கம் என்று ஒன்று இல்லை, அது நான்தான் என்று நினைத்துக்கொள்வேன்.

ஆனி மாதம் சாரல் பிடித்துக்கொண்டது. சாரல் மழை மாதிரி கொட்டாது, தூவும். எத்தனை கண்ணாடி மாட்டினாலும் எல்லாவற்றிலும் வெள்ளையாகப் படிந்துவிடும். அப்படி ஒரு சாயங்காலம், சந்து முனையில் மகளை இறக்கிவிட்டேன். அவள் பையும் தண்ணீர்ப் பாட்டிலும் உள்ளே இருந்ததால் எடுப்பதற்காக மறுபடி படியில் ஏறினேன். அப்போது காற்று ஒரு வீசு வீசியது. தென்னையிலிருந்து பிஞ்சுக் குரும்பை இரண்டு வேன் கூரையில் டப், டப் என்று விழுந்தன.

வேன் பின்னால் நகர்ந்தது.

நான் உள்ளே இருக்கிறேன். பின்கண்ணாடி வழியாகப் பார்த்தால் சந்து காலியாக இருக்கிறது. வீட்டுப்படியில் மகள் இல்லை. "அண்ணாச்சி நிறுத்துங்க!" என்று கத்தினேன். வேன் நின்றது. குதித்து ஓடிப்போய்ப் பார்த்தால், பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் என் மகள் குனிந்து உட்கார்ந்திருக்கிறாள். இறங்கும்போது கழன்று விழுந்த செருப்பு சேற்றில் மாட்டியிருக்கிறது, அதைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறாள். கையை நீட்டினால் டயரைத் தொடலாம். "அம்மா, வரமாட்டேங்கு" என்று செருப்பைக் காட்டுகிறாள்.

அவளை அள்ளித் தூக்கிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். முன்னாலிருந்து அவர் குரல் வந்தது. "என்னாச்சு? யம்மா, என்னாச்சு? பிள்ள எங்க? சொல்லு தாயி! ஏதாச்சும் சொல்லு!" அப்படிக் கேட்கிற ஆள் திரும்பவில்லை. இறங்கவும் இல்லை. நான் எழுந்துபோய்ப் பார்த்தபோது ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எதிரே ரோட்டைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டே இருந்தார். பிள்ளை என் இடுப்பில் இருப்பதைக் காட்ட நான்தான் அவர் முன்னால் போய் நிற்க வேண்டியிருந்தது.

அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. மறுநாள் அவர் முகத்தில் விழிக்கவே பிடிக்காமல் வேனில் ஏறினேன். அவர் சட்டையைத் தூக்கினார். சர்ரென்று பிரித்தார். வழக்கமாக இழுப்பதை விட இன்னும் இழுத்து, முகம் சிவக்க ஒட்டினார்.

"நேத்து பெல்ட்டு லூசா இருந்துச்சு. அதான் கை கால் ஓடல" என்றார்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. "ஏன் அண்ணாச்சி, பெல்ட்டு லூசா இருந்தா குரும்பை விழுந்ததுக்கும் நான் தட்டுததுக்கும் வித்தியாசம் தெரியாதா? நீங்க ஒருக்கா திரும்பிப் பாத்திருந்தா எம் பிள்ள செருப்பு தெரிஞ்சிருக்கும்லா!"

"திரும்புனா நான் இருக்க மாட்டேன்மா. டிஸ்க்கு வெளிய வந்துச்சுன்னா அங்கனயே கைகால் விழுந்துரும். அப்புறம் பிரேக்க யாரு மிதிப்பா?"

அதில் அவருக்குக் கொஞ்சமும் சந்தேகமில்லை. பிள்ளைகளுக்காகத்தான் திரும்பாமல் இருக்கிறேன் என்று உண்மையாகவே நம்பினார். மேனேஜரிடம் சொன்னால் அன்றைக்கே சீட்டைக் கிழித்துவிடுவார்கள். இந்த வயதில், இந்த இடுப்போடு வேறு யார் அவருக்கு வண்டி கொடுப்பார்கள்? சொல்லாமல் விட்டால் நாளைக்கு யார் பிள்ளை? இந்த யோசனையில் எனக்குச் சோறு இறங்கவில்லை. மகளை வீட்டுப்படியில் நிறுத்துவதை விட்டுவிட்டு, வீட்டுக்குள் தள்ளி வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்து தட்ட ஆரம்பித்தேன். அவள் உள்ளே கதவைத் தட்டி அழுவாள். நான் வெளியே வேனைத் தட்டுவேன்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டோடு ஐந்தருவிக்குக் குளிக்கப் போனோம். விடிந்தும் விடியாத நேரம், கூட்டம் வருவதற்கு முன்பு. ஞாயிறுதோறும் அண்ணாச்சி அங்கே வருவார் என்பது எனக்குத் தெரியும். முதுகுக்குத் தண்ணி குடுக்கப் போறேன் என்று சனிக்கிழமையே சொல்வார். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இது புதிது இல்லை. மூட்டு வலி, முதுகு வலி எதுவானாலும் எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு அருவியில் போய் நின்றுவிடுவோம். பெண்கள் பக்கம் குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டே ஆண்கள் பக்கம் என் வீட்டுக்காரரைத் தேடினேன். கண்ணில் பட்டது அண்ணாச்சி.

உடம்பெல்லாம் எண்ணெய், இடுப்பில் துண்டு மட்டும். பெல்ட்டை மஞ்சள் பையில் போட்டுக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். தண்ணீர் தோளில் மொத்துகிறது. அவர் முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்தார். இடுப்பைத் தண்ணீருக்குக் காட்டினார். இந்தப் பக்கம் சாய்ந்தார், அந்தப் பக்கம் சாய்ந்தார். பின்னாலிருந்து ஒருவன் முண்டியடித்து இடித்துவிட்டான். அண்ணாச்சி வெடுக்கென்று திரும்பினார். "ஏலே, தள்ளாதல, வயசானவன் நிக்கேன்லா!" கால் இரண்டும் பாறையில் வைத்த இடத்தில் அப்படியே இருந்தன. இடுப்புதான் திரும்பியது.

நான் துவட்டுவதை நிறுத்திவிட்டேன். முதலில் வந்தது ஆத்திரம்தான். இத்தனை நாள் நடித்தாரா இந்த மனுஷன்? என் பிள்ளை டயருக்குப் பக்கத்தில் கிடந்தபோதும் நடித்தாரா? ஆனால் அவர் வெளியே வந்ததைப் பார்த்ததும் அது நடிப்பு இல்லை என்று தெரிந்துவிட்டது. ஈர உடம்போடு நடுங்கிக்கொண்டு மஞ்சள் பையைப் பிரித்தார். பெல்ட்டைக் கட்டும்வரை மூச்சே விடவில்லை. கட்டி முடித்ததும் பழையபடி மரம் மாதிரி நின்றார், தேர் மாதிரித் திரும்பினார்.

படிக்கட்டில் வழிமறித்துக் கேட்டேன். "அண்ணாச்சி, அருவில நீங்க திரும்புனீங்க. நான் பாத்தேன்."

"தண்ணிக்குள்ள திரும்பலாம்மா. தண்ணி தாங்கிக்கிடும்லா."

"தண்ணி எங்க தாங்குது? தண்ணி உங்கள அடிக்குதுல்லா! அந்த அடி வாங்குத இடுப்பு, சீட்டுல உக்காந்து திரும்ப மாட்டேங்குதா?"

அவர் அருவியைப் பார்த்தார். அப்புறம் பெல்ட்டுக்கு மேலே இடுப்பைத் தடவிக்கொண்டார், யாரோ அவரிடமிருந்து அதைப் பிடுங்க வந்த மாதிரி. எனக்கு வாய் நீளம், ஆரம்பித்தால் நிற்காது. "ஒண்ணு டாக்டரப் போய்ப் பாருங்க. இல்ல, எங்க சந்துக்கு வண்டிய எடுத்துட்டு வராதீங்க. அடுத்த மட்டம் குரும்பை விழும்போது நான் உள்ள இருக்கணும்னு இல்ல" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு பாவமாக இருந்தது.

இரண்டு நாள் கழித்து அவரே, "நீயும் கூட வா. நான் சொன்னா அங்கன ஒழுங்கா கேக்க மாட்டாவ" என்றார். தென்காசியில் பிசியோதெரபி பார்க்கிற ஒரு பெண்ணிடம் போனோம். என்னை விடச் சின்னவள். அவரை நடக்கவைத்தாள், உட்காரவைத்தாள், படுக்கவைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தாள். பெல்ட்டோடு குனியச் சொன்னாள், பெல்ட் இல்லாமல் குனியச் சொன்னாள். பெல்ட் இல்லாமல் குனியும்போது அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"வலி இருக்கா?" என்று கேட்டாள்.

"இல்ல. வந்துரும்னு இருக்கு."

அவள் சிரிக்கவில்லை. அதற்காகவே அவளை எனக்குப் பிடித்துப்போனது. "ஐயா, பெல்ட்டு கெட்டது இல்ல. அன்னைக்கு எந்திரிக்க முடியாம கெடந்தப்போ அது உங்களுக்குத் தைரியம் குடுத்து நடக்க வச்சிருக்கு. பெல்ட்டு கட்டுனா இடுப்பு வளையுறது, திரும்புறது கொஞ்சம் கொறையும், அவ்வளவுதான். இப்படிச் சுத்தமா அசையாம நிக்கது பெல்ட்டு இல்ல, உங்க பயம். பயத்துல நீங்க இறுக்கிப் பிடிக்கீங்க, அதுலயே பாதி வலி வருது. ஒரேயடியாக் கழத்த வேண்டாம். வீட்ல செத்த நேரம் கழத்துங்க, நடங்க. நான் சொல்லித்தாரத பையச் செய்ங்க."

வெளியே வந்ததும் "சின்னப் பிள்ள, அதுக்கு என்ன தெரியும்" என்றார். பஸ் ஸ்டாண்டு வருவதற்குள் பெல்ட்டை ஒரு தடவை இறுக்கிக்கொண்டார். போச்சு, எல்லாம் வீண் என்று நினைத்தேன்.

முழுக்க வீண் இல்லை. சாயங்காலம் பள்ளிக்கூட மணி அடிப்பதற்கு முன்பு, காலி வேனில் உட்கார்ந்து சட்டையைத் தூக்குவார். சர்ரென்று பிரித்துப் பெல்ட்டை மடியில் வைத்துக்கொள்வார். இடது கையைப் பக்கத்து சீட்டின் மேல் போடுவார். மெல்லத் திரும்ப முயற்சி செய்வார். உடம்பு பாதி வழியில் நின்றுவிடும். வலித்ததா என்று நான் வாசலில் நின்று கேட்டால், "இல்ல, அந்த ரோட்டோரம் ஞாபகம் வந்துருது" என்பார். நெற்றி வேர்த்திருக்கும். மணி அடித்ததும் பெல்ட் ஏறிவிடும். ஆடி முழுவதும் இப்படித்தான் போயிற்று. சந்தில் வழக்கம்போல நான் தட்டினேன், பிடரி வந்தது. மகள் வீட்டுக்குள் அழுதாள்.

அந்த வேன் இப்போது இல்லை. மறு வருஷம் பள்ளிக்கூடத்தில் பெரிய பஸ் வாங்கினார்கள். அவர் ஊரை விட்டுத் தன் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். போன் நம்பரும் மாறிவிட்டது. இன்னும் பெல்ட் கட்டுகிறாரா, விட்டுவிட்டாரா என்று எனக்குத் தெரியாது. கட்டிக்கொண்டுதான் இருப்பார் என்று தோன்றும். யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் கால் இரண்டும் நகர்ந்து நகர்ந்துதான் திரும்பும் என்றும் தோன்றும். ஆனால் அவரை நினைத்தால் எனக்கு வருவது அந்த நடை இல்லை, ஆவணியில் ஒரு சாயங்காலம்.

எனக்குக் காய்ச்சல். எழுந்திருக்கவே முடியவில்லை. காலையில் மகளை அனுப்ப வேண்டாம் என்றுதான் இருந்தேன். அன்று வகுப்பில் மாறுவேடப் போட்டி, அவள் அழுது புரண்டு போய்விட்டாள். பகல் முழுக்கக் காய்ச்சலோடு எனக்கு ஒரே நினைப்பு, சாயங்காலம் யார் தட்டுவார்கள்? வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருந்தார். மேனேஜர் வேறு ஆளை அனுப்புகிறேன் என்றார், அனுப்பவில்லை. மற்றப் பிள்ளைகளை நேரே நிறுத்திப் பெற்றவர்களிடம் இறக்கிவிடலாம். எங்கள் சந்தில்தான் பின்னால் வர வேண்டும். அண்ணாச்சிக்குப் போன் போட்டேன், ஓட்டும்போது எடுக்க மாட்டார். வெளியே சாரல். தென்னை ஆடுகிற சத்தம். ஒவ்வொரு குரும்பை விழும்போதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

வேன் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். ரிவர்ஸ் ஹாரன் வரும் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. என்ஜின் சத்தம் நின்றது. கதவு திறந்தது. அப்புறம் சாரலுக்கு நடுவில், சந்து முனையிலிருந்து, சர்ரென்று அந்தச் சத்தம்.

நான் கதவைத் திறக்கும்போது அவர் எதிரே வந்துகொண்டிருந்தார். சட்டை தொளதொளவென்று தொங்கியது. அதற்குள் ஒன்றும் இல்லை. ஒரு கையில் என் மகள், தலையில் காகிதக் கிரீடத்தோடு. இன்னொரு கை வீட்டுச் சுவர்களைத் தொட்டுத் தொட்டு வந்தது. கண்ணாடி மேல் நடப்பவர் மாதிரி பாதம் பார்த்து வைத்தார்.

"பிள்ளைய உள்ள வச்சிக்கோ. தாழ்ப்பாளப் போடு. வெளிய வராத" என்றார்.

"அண்ணாச்சி, நான் வந்து தட்டுதேன். நிக்க முடியுது எனக்கு."

"காச்சலோட நீ எங்கன விழுவன்னு அதையும் நான் பாக்கணுமா? உள்ள போ."

போனார். வேனுக்குப் பின்னால் நின்று சந்தை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார். தோளில் கிடந்த துண்டால் பின்கண்ணாடியை வெளியே துடைத்தார். உள்ளே ஏறி, அந்தப் பக்கமும் துடைத்தார். நான் மகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஜன்னலில் நின்றேன். என்ஜின் ஓடியது. வேன் சந்து வாய்க்கு நேராகத் தன் முதுகைக் காட்டி நின்றது. காய்ச்சலா பயமா தெரியவில்லை, எனக்குப் பல் கிட்டியது. வேண்டாம் அண்ணாச்சி, யாராவது வரட்டும், காத்திருங்கள் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பின்கண்ணாடிக்கு அப்பால் பிடரி தெரிந்தது. அது அசைந்தது. இடது கை பக்கத்து சீட்டின் மேல் ஏறியது. தோள் திரும்பியது. பாதி வழியில், வழக்கமாக நிற்கிற இடத்தில், நின்றது. மகள், "அம்மா, வேன் மாமா" என்றாள். நான் அவள் வாயைப் பொத்தினேன்.

அப்புறம் மீதியும் திரும்பியது.

அத்தனை நாள் அந்த வேனுக்குப் பின்னால் நின்று நான் பார்த்ததெல்லாம் அவர் பிடரியைத்தான். அன்றைக்குத்தான் பின்கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தேன். தைரியசாலியின் முகம் இல்லை அது. ரத்தமே இல்லாமல், வாய் கொஞ்சம் திறந்து, அந்த ரோட்டோர மண்ணில் கிடந்தபோது எப்படி இருந்திருக்குமோ அப்படி இருந்தது. ஆனால் கண் இரண்டும் சந்தை விட்டு அகலவில்லை. வேன் பைய, ஒரு பள்ளத்திலும் குலுங்காமல், பின்னால் வர ஆரம்பித்தது.

என் கை தானாக ஜன்னல் கம்பியில் இரண்டு தட்டு தட்டியது. அவருக்கு அது கேட்டிருக்காது. அவர் பார்த்துக்கொண்டேதான் வந்தார்.